வெரி பேட் பெயின்

போன வாரம் முழங்கால் வலிக்காக டாக்டரிடம் போயிருந்தேன். அங்கிருந்த நர்ஸ் பெண், "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள உங்க வலிக்கு எத்தன மார்க் போடுவீங்கம்மா?" என்று கேட்டது. ஆறு என்றேன். குறித்துக்கொண்டு போய்விட்டது. டெட்டாலும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனையில் உட்கார்ந்திருந்த எனக்கு, ஏழு சொல்லியிருக்கலாமோ என்ற கவலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அரியலூர் குவாரி டிஸ்பென்சரியின் நினைப்பு.

எழுபதுகளின் கடைசி. நர்ஸ் படிப்பு முடித்த கையோடு பெரம்பலூரிலிருந்து அங்கே வேலைக்குப் போனேன். சுண்ணாம்புக்கல் வெட்டும் இடம். எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளைத் தூசி ஒட்டும். சாப்பாட்டில்கூட அதன் ருசி இருக்கும். டாக்டர் வங்காளத்துக்காரர். தமிழில் அவருக்கு 'வா', 'போ', 'நாக்கு' தெரியும். என் இங்கிலீஷும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. ஈரல், குடல், எலும்பு எல்லாவற்றுக்கும் பெயர் மனப்பாடம். ஆனால் ஒன்று எப்படி இருக்கிறது என்று சொல்ல என்னிடம் இருந்தவை குட், பேட், பிக் மட்டும்தான்.

வருகிறவர்களோ ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல மாட்டார்கள். கால் குடையுது, வயிறு முறுக்குது, இடுப்பு கடுக்குது, மண்ட விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பேட் பெயின், சார்" என்பேன். "வாட் கைண்ட்?" என்பார். "வெரி பேட் பெயின், சார்." பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே டிக்‌ஷனரி ஒன்றைப் புரட்ட ஆரம்பித்தேன். 'ஏ' எழுத்தைத் தாண்டுவதற்குள் சித்திரை வந்துவிட்டது.

ஒரு மத்தியானம், லாரியில் கல் ஏற்றும் சின்னசாமியை அவர் மனைவி பட்டம்மாள் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? "நெஞ்சுல என்னமோ பண்ணுது நர்சம்மா" என்றார் சின்னசாமி. வாசலில் குவாரி ஆபீசரின் ஜீப் டவுனுக்குக் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அதை விட்டால் சாயங்காலம்வரை வேறு வண்டி இல்லை.

"எரியுதாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. குத்தவும் இல்ல. பாரமா இருக்கு."

எனக்குத் தெரிந்த சொல் ஒன்று! "ஹெவி, சார்!" என்றேன்.

டாக்டர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "ஹெவி மீல்?" என்றபடி ஜீரண மருந்து பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

"நோ மீல், சார். ஸ்டமக் நோ." அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. வெளியே டிரைவர் கியர் போடும் சத்தம் கேட்டது.

"என்னம்மா சொல்றாரு? இவரு சோத்தயே தொடலயே!" என்று பட்டம்மாள் அழ ஆரம்பித்தார்.

சின்னசாமி என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லென்றிருந்தன. "கிரஷர்ல மாட்டிக்கிட்டாப்ல நசுக்குது நர்சம்மா. தாடை வர ஏறுது."

கல்லை நொறுக்கும் மெஷினுக்கு அங்கே எல்லாரும் சொல்லும் பெயர் அது. இங்கிலீஷா தமிழா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. "கிரஷர், சார்! இன்சைட் செஸ்ட், கிரஷர்!" என்று கத்தினேன்.

"கிரஷிங்?" நாற்காலி சாய எழுந்தார் டாக்டர். "நாக்கு!" என்று அதட்டி, சின்னசாமியின் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையைத் திணித்தார். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடி, நகரத் தொடங்கிய ஜீப்பின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

ஆபீசர் இறங்கி இடம் விட்டார். பின்சீட்டில் சின்னசாமி என் மடியில் தலைவைத்துக் கிடந்தார். "பொழச்சுக்குவாரா? ஒரு வார்த்த சொல்லும்மா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் பட்டம்மாள். நாடியில் வைத்த விரலை நான் எடுக்கவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று சொல்லி, முதலுதவி செய்து திருச்சிக்கு அனுப்பினார்கள்.

பிழைத்துக்கொண்டார். கல் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைத்தார்கள். டாக்டர் அதன்பின் எந்த வலியையும் என்னை நடித்துக் காட்டச் சொல்வார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறுக்கிக் காட்டுவேன். அவர் அதற்கான இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தமிழ் வார்த்தையையும் சொல்லிப் பார்ப்பார். 'விண்ணு விண்ணு' அவர் வாயில் 'பின்னு பின்னு' ஆகிவிடும். பெஞ்சில் இருப்பவர்கள் வலியை மறந்து சிரிப்பார்கள்.

டாக்டர் மாற்றலாகிப் போனார். சின்னசாமியும் இப்போது இல்லை. சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது டிஸ்பென்சரியைத் தேடினேன். இடிந்திருந்தாலும் ஒரு சுவராவது நிற்கும் என்று நினைத்தேன். தரையே இல்லை. குவாரி வளர்ந்து வளர்ந்து அந்த இடத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. பட்டம்மாள் அழுதுகொண்டு நின்ற இடம், பள்ளத்தில் தேங்கிய பச்சை நிறத் தண்ணீருக்கு மேலே வெறும் காற்று. அவர் காலுக்கடியில் இருந்த கல் சிமெண்டாகி, எந்த ஊரில் யார் வீட்டுச் சுவராக நிற்கிறதோ.