ஏரியில் நடக்காத பந்தயம்

பள்ளிக்கூட பஸ் ஓட்டியதால் ஊருக்கே அவள் பஸ் அக்காதான். பெற்றோர் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது.

நாற்பதை நெருங்குகிற வயதில் அவளுக்கு விண்ட்சர்ஃபிங் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவள் தபால் ஆபீஸில் வேலை பார்த்த தங்கை. யாரோ கழித்துக்கட்டிய பழைய பலகையை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். அதன்மேல் நின்றுகொண்டு, நட்டு வைத்த பாயைக் காற்றுக்குத் தக்கபடி சாய்த்துப் பிடிக்க வேண்டும். முதல் கோடை முழுக்க ஏரித் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். பலகை ஒன்று, ஆள் இரண்டு என்பதால் ஒருத்தி தண்ணீரில் இருந்தால் மற்றவள் துண்டோடு கரையில் நிற்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பாய்ப்பலகைக்காரர்கள் எல்லாம் அந்த ஏரிக்கரையில் கூடுவார்கள். காரின் தலையில் பலகையைக் கட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருவார்கள். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். ஒருமுறை, வெளியூர்க்காரர்களை ரயிலடியிலிருந்து கூட்டிவரப் பள்ளிக்கூட பஸ்ஸையே கேட்டு வாங்கியிருந்தார். ஓட்டியவள் அவள்தான்.

அன்று விடிந்ததிலிருந்தே வானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. பந்தயத்தைத் தள்ளிப்போட்டார் டாக்டர். மதியத்துக்கு முன்னால் காற்று கொஞ்சம் அடங்கவே, எல்லோரும் போய் நச்சரித்தார்கள். "சரி, கரையை ஒட்டியே ஒரு சுத்து போயிட்டு வந்துடுங்க" என்றார் அவர், அரை மனதாக.

முறைப்படி அது பஸ் அக்காவின் சுற்று. தங்கை விடவில்லை.

"நான் போறேன்க்கா. காத்துள்ளபோதே தூத்திக்கணும்."

"தூத்திக்கிறது நெல்லை. உன்னையே தூத்திவிட்டுடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே பாயை அவள் கையில் கொடுத்தாள்.

சொல்லி வாய் மூடவில்லை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, காற்று ஒரே அடியாக அடித்தது. பாதிப் பேர் விழுந்து எழுந்து கரை சேர்ந்தார்கள். தங்கையும் இன்னும் சிலரும் அக்கரைப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டார்கள். மழைத் திரை இறங்கியதும் பாய்கள் கண்ணுக்கே தெரியவில்லை. காவலுக்கு வைத்திருந்த மோட்டார் படகு அலையை மீற முடியாமல் திரும்பிவிட்டது.

பஸ் அக்கா ஓடினாள். போய் பஸ்ஸைக் கிளப்பினாள். கையில் கிடைத்த போர்வைகளோடு டாக்டரும் தாவி ஏறினார். முறிந்த கிளைகளைச் சுற்றிக்கொண்டும், பள்ளம் மேடு பாராமலும் ஏரியை வளைத்துப் போனாள். பாயை ஏன் கொடுத்தோம் என்ற ஒரே நினைப்புதான் வழி முழுக்க.

அக்கரையில், தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறைக்குள் எல்லோரும் ஒண்டியிருந்தார்கள். தங்கை தலைமுடியைப் பிழிந்துகொண்டே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சுடி."

"உனக்காவது போயிட்டு வந்துச்சு. எனக்குப் போனது இன்னும் வரலை."

அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நடுங்கினார்கள், ஒருத்தி குளிரில்.

திரும்பலாம் என்றால் அதற்குள் பாதையில் மரம் சாய்ந்து கிடந்தது. சாயங்காலம்வரை பஸ்தான் கதி. சின்னப் பிள்ளைகளின் சீட்டில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்காக வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை டாக்டரே திறந்து நீட்டினார். "இன்னைக்கு மட்டும் பல்லு என் பொறுப்பு இல்லை" என்றார்.

பந்தயம் போச்சே என்று யாரோ அலுத்துக்கொள்ள, தங்கை பஸ் ஜன்னலைக் காட்டினாள். ஆளுக்கொரு மழைத்துளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எது முதலில் கண்ணாடியின் அடியைத் தொடுகிறதோ அதற்கு வெற்றி. வளர்ந்த ஆட்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஓடு, ஓடு, பக்கத்துத் துளியோட சேராதே" என்று கத்தினார்கள். வயதான தச்சர் ஒருவர் ஜெயித்தார். ஏரிக்கு வர ஆரம்பித்ததிலிருந்து அவர் எதிலும் ஜெயித்ததில்லை. அந்த வருஷக் கோப்பையை டாக்டர் அவருக்கே கொடுத்துவிட்டார். வாங்கியபோது அந்த மனிதருக்குக் கண் கலங்கியது.

அடுத்த வருஷம் நல்ல வெயில், நல்ல காற்று. பந்தயம் ஒழுங்காக நடந்தது. பஸ் அக்கா மூன்றாவதாக வந்தாள். ஆனால் சாப்பிடும் நேரத்தில் எல்லோரும் பேசியது போன வருஷத்துப் புயலைத்தான். அதற்குப் பிறகு வந்த நல்ல வருஷங்கள் எல்லாம் அவளுக்கு ஒன்றோடொன்று கலந்து போயின. தங்கை கல்யாணமாகி வெளிநாடு போனாள். டாக்டர் காலமானதும் கூட்டமும் நின்றுபோனது. பஸ் அக்காவின் முழங்கால் பலகைக்கு ஆகாமல் போயிற்று.

போன விடுமுறைக்குத் தங்கை வந்தபோது இருவரும் ஏரிக்குப் போனார்கள். மோட்டார் அறையின் கூரை இடிந்து கிடந்தது. தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"காத்தே இல்லையேக்கா."

"இருந்தா மட்டும் இறங்கிடுவியா?"

"இறங்க மாட்டேன். பாத்துட்டு இருப்பேன்."

பஸ் அக்கா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். வெயில் இறங்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.