சோதனைக்கு அனுப்பிய செய்தி

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு விதைக்கடை. ஒரு வருடமாக நான் புரோகிராமிங் படிக்கிறேன். காரியாபட்டியிலிருந்து மதுரைக்கு சாஃப்ட்வேர் வேலைக்குப் போகும் சுமதி, என்னைவிட இளையவள், பஸ்ஸில் போகும்போதே நான் எழுதியதைப் படித்துத் திருத்துவாள்.

கடைக்கு விதை வந்தால் விவசாயிகளுக்குத் தானாகச் செய்தி போக ஒரு புரோகிராம் எழுதினேன். தொடக்கநிலையைத் தாண்டிவிட்டேன் என்று காட்டும் அவசரம். சுமதி பார்க்குமுன்பே, "உளுந்து விதை வந்துவிட்டது, காலையில் வாருங்கள்" என்று சோதனைச் செய்தி அனுப்பினேன். உள்ளே கடைக்கு வரும் விவசாயிகளின் உண்மையான போன் எண்களே இருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை திருச்சுழி பஸ்ஸில் பதினோரு பேர் வந்திறங்கினார்கள். அப்போதுதான் மழை பெய்திருந்தது. ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும். கடையில் உளுந்தே இல்லை.

"ஏத்தா, இல்லைன்னு தெரிஞ்சா வேற கடைக்குப் போயிருப்பமே" என்றார் ஒருவர். என் கணவர் பல கடைகளுக்குப் போன் செய்து மதியம் விதையை வரவழைத்தார். அதுவரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

சுமதியிடம் சொன்னேன். "ஓடுதான்னு பாத்தீக அக்கா, யாருக்குப் போகுதுன்னு பாக்கலையே. எனக்கும் மொத வேலையில இதே கூத்துதான்" என்றாள்.

இப்போது அவள் படிக்காமல் எதையும் ஓட்டுவதில்லை. சோதனைக்கு என் எண்ணும் கணவர் எண்ணும் மட்டும்தான். நேற்று அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே போனைப் பார்த்து, "உளுந்து வந்திருச்சாமே, கெளம்பி வரட்டா?" என்று கேட்டார்.