தாடையில் பட்ட பந்து

கிரிக்கெட்டில் என்னை வெளியேற்றிய குற்றமே பேஸ்பாலில் எனக்குத் தொழிலானது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மாசி என்ற புறநகரில் பள்ளிக்கூட அணிக்கு வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தேன். என் முழங்கை மடங்கி நிமிர்கிறது, இவன் பந்தை வீசவில்லை, எறிகிறான் என்று நடுவர் திரும்பத் திரும்ப நோ பால் கொடுத்தார். எரிச்சலோடு போட்ட அடுத்த பந்து எகிறி எதிரணிப் பையனின் தொண்டையில் பட்டது. அவன் மூச்சுக்குத் தவித்துப் புல்லில் புரண்டான். அவனுடைய தகப்பன் மைதானத்துக்குள் ஓடிவந்து என் சட்டையைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினார். நான்கைந்து பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்திருந்த பேஸ்பால் பயிற்சியாளர் ஒருவர் பிறகு வீடு தேடி வந்தார். இந்தக் கைக்கு வேறு விளையாட்டு இருக்கிறது, அதில் எறிவது குற்றமில்லை என்றார்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். சான்ட்ரிங்ஹாம் வழியாக நகரத்துக்குப் போகும் பஸ்ஸை ஓட்டினார். ஒருமுறை குடிவெறியில் ஏறிய ஒருவன் அவருடைய முகத்தில் குத்தினான். ஒரு பல் போனது. அவனை இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கடைசித் தரிப்பிடம் வரை பஸ்ஸை ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். கையை ஓங்கத் தெரியாத மனிதர் என்றுதான் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். பயிற்சியாளர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "இதை ஒரு வேலையாச் செய்யலாமோ?"

செய்யலாம் என்று ஆனது. அமெரிக்க அணி ஒன்று என்னை ஒப்பந்தம் செய்து தன் கீழ்மட்ட அணிகளுக்கு அனுப்பியது. பேஸ்பாலில் எறிகிறவனைப் பிட்சர் என்பார்கள். ஒரு சிறு மேட்டில் ஏறி நின்று, மட்டையோடு நிற்பவனை நோக்கி எறிய வேண்டும். பந்து தரையில் குத்தி எழுவதில்லை. மோட்டர்வேயில் கார் போகும் வேகத்தைவிட விரைவாக நேரே ஆளிடம் போகும். கல்லைப் போன்ற பந்து. அங்கே எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. உன் ஆளை அவர்கள் பந்தால் அடித்தால், அவர்களுடைய ஆளை நீ அடிக்க வேண்டும். எங்கள் அணியின் இன்னொரு பிட்சர் அப்படிப் பழிக்கு எறிந்த பந்து விலாவுக்குப் போகாமல் ஒருவனின் கன்னத்தில் இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கன்ன எலும்பு உள்ளே போய், அந்தப் பக்கத்துக் கண் கீழே சரிந்திருந்தது. அவன் அம்மாவைக் கூப்பிட்டபடியே இருந்தான். அவன் திரும்ப விளையாடவில்லை.

சில வருடங்களில் என் முழங்கைத் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் வேகம் குறைந்துபோக, அணி என்னை விடுவித்தது. ஆக்லாந்துக்குத் திரும்பினேன். கோடைகாலத்தில் ஆஸ்திரேலிய அணிகளோடு ஆடும் தொழில்முறை அணி இங்கே இருந்தது. அதில் எடுத்துக்கொண்டார்கள். என் பந்துகளைப் பிடிக்கும் கேட்சர் ஒடாஹுஹுவில் பிறந்த சமோவாக்காரன். என் கை எந்த நேரம் தளரும் என்பதை எனக்கு முன்பே அறிந்து மேட்டுக்கு நடந்து வந்துவிடுவான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா வைக்கும் நண்டுக் குழம்பை வழித்துச் சாப்பிடுவான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஆட்டத்தில் எதிரணிப் பிட்சர் அந்தக் கேட்சரின் விலாவில் எறிந்தான். காய்ந்த தடி முறிவதுபோன்ற சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கு வரை கேட்டது. அவன் முழங்காலில் விழுந்தான், எழுந்தான், வெளியே போக மாட்டேன் என்று வைத்தியரைத் தள்ளிவிட்டான். எங்கள் மேலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமலே, அடுத்து வரும் முதல் ஆளுக்கு விலாவில் கொடு என்றார். மாட்டேன் என்றேன். அவர் சூயிங்கத்தைத் துப்பிவிட்டுப் போனார்.

முதல் ஆளாக வந்தவன் உயரமான ஒரு பொன்னிறத் தலைக்காரன். தனக்கு விழப்போகிறது என்பது அவனுக்குத் தெரியும். தோளைக் குறுக்கிக்கொண்டு, எட்டியே நின்றான். மூன்று பந்தைத் தவறவிட்டால் ஆட்டமிழப்பு; நான் மூன்றையும் முறையாகவே எறிந்தேன். மூன்றையும் தவறவிட்டு அவன் வெளியேறினான்.

நான் வாங்குக்குத் திரும்பியதும் கேட்சர் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னைச் சுவரோடு அறைந்தான். உன் பந்துகளை எத்தனை முறை உடம்பால் மறித்திருக்கிறேன், எனக்காக ஒரு பந்தை எறிய முடியவில்லையா என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கையில் வைத்திருந்த ஹெல்மெட்டால் என் வாயில் அடித்தான். மேலுதடு பிளந்தது. மற்றவர்கள் அவனை இழுத்துப் போனார்கள். இரத்தத்தை விழுங்கிக்கொண்டு திரும்பவும் மேட்டுக்குப் போனேன். அவன் போய் என் எதிரே குந்தி, வழக்கம்போலக் கையுறையைக் காட்டினான்.

பொன்னிறத் தலைக்காரனின் முறை மீண்டும் வந்தது. இந்த முறை அவன் எட்டி நிற்கவில்லை. நான் அடிக்க மாட்டேன் என்பதை இப்போது அவன் அறிவான். கோட்டை ஒட்டி நின்று, முழு உடம்பையும் பந்தின் மீது சாய்த்தான். நான் எறிந்த பந்து போவதைப் பார்த்தேன். அது திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

மண் வாசனை அடித்தது. வாயில் சிறு கற்கள் போல எதுவோ கிடந்தது. அவை என் பற்கள். தாடை என்னோடு சேராமல் தனியே ஆடியது. பொன்னிறத் தலைக்காரன் ஓட வேண்டிய திசையில் ஓடாமல், தலையில் கையை வைத்துக்கொண்டு என்னிடம்தான் ஓடிவந்தான். கேட்சர் அவனை இடையில் மறித்து முகத்தில் குத்தினான். விழுந்தவன் மேல் ஏறியிருந்து இன்னும் குத்தினான். இரண்டு அணியும் மைதானத்துக்குள் இறங்கின. என் முகத்துக்கு மேலே கால்கள் தடதடத்தன. யாரோ ஒருவரின் ஆணிச் சப்பாத்து என் இடது கையை மிதித்துத் திருகியது. யாருக்காக இந்தச் சண்டை நடக்கிறதோ அவனைத்தான் மிதிக்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, தாடைகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். அம்மா இறந்து சில காலம் ஆகியிருந்ததால் அப்பா ஒருவர்தான் பக்கத்தில் இருந்தார். பஸ் ஓட்டும் சீருடையோடு வந்திருந்தார். நடந்ததை யாரோ அவருக்கு முழுவதுமாகச் சொல்லியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முதல் பந்தையே அவன்ர மண்டையிலை போட்டிருக்கலாமே தம்பி."

அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த நாள் மதியம் பொன்னிறத் தலைக்காரன் என்னைப் பார்க்க வந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. புருவத்தில் தையல். கட்டிலுக்கு அருகில் வந்து, மன்னித்துக்கொள் என்று சொல்லத் தொடங்கினான்.

"இவரே அடிச்சவர்?" என்று அப்பா கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அப்பா எழுந்தார். அவனுடைய நெஞ்சுயரம்தான் இருப்பார். எட்டி, வீங்கிய பக்கத்திலேயே அறைந்தார். அவன் கையை உயர்த்தவில்லை. மீண்டும் அறைந்தார். தையல் பிரிந்து இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. தாதி ஓடிவந்தாள், பின்னால் காவலாளி வந்தான். காவலாளி அப்பாவின் கையைப் பின்பக்கம் முறுக்கிப் பிடித்தபோது, அடிபட்டவன்தான் அவனைத் தடுத்தான். விடுங்கள், அவர் தகப்பன் என்றான். போலீசுக்கும் போகவில்லை.

எல்லோரும் போன பிறகு அப்பா கதிரையில் இருந்தபடி தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஊரிலை ஆமிக்காரன் அடிச்சவன், நான் ஒண்டும் செய்யேல்லை. பஸ்ஸிலை ஒருத்தன் அடிச்சவன், அவனையும் ஒண்டும் செய்யேல்லை. கடைசியா, மன்னிப்புக் கேக்க வந்த பொடியனுக்கு அடிச்சுப்போட்டன்."

பிறகு அவர் அழுதார். நான் அவருடைய முழங்காலில் கையை வைத்தபடி கிடந்தேன்.

கேட்சர் சில வாரங்கள் கழித்து மாசியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. உடைந்த விலாவோடு சிரிக்க முடியாமல் சிரித்தான். எனக்காகக் கஞ்சியை ஸ்ட்ரோவால் உறிஞ்சக்கூடிய அளவுக்கு அரைத்துத் தந்தான். மறு கோடையில் அவனிடமே எறியத் திரும்பினேன்.

ஆனால் என் உடம்பு பழைய உடம்பாக இல்லை. பந்து விரலை விட்டுப் போவதற்கு முன்பே முகம் தானாகத் திரும்பியது. எவ்வளவு பயிற்சி செய்தும் அதை நிறுத்த முடியவில்லை. முகம் திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பெப்ரவரியில் ஒரு ஆட்டத்தில், அந்த வருடம்தான் எதிரணிக்கு வந்திருந்த ஓர் இளம் ஆஸ்திரேலியனுக்கு எறிந்த பந்து அவன் மட்டையைப் பிடித்திருந்த விரல்களை மட்டையோடு சேர்த்து நசுக்கியது. கையுறையைக் கழற்றியபோது ஒரு விரல் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. எங்கள் வாங்கிலிருந்து இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் வேண்டுமென்றே எறிந்ததாக அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து வைத்திய அறைக்குப் போனேன். அவன் ஊசியின் மயக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். இடது கைதானே, பியர் குடிக்க வலது கை இருக்கிறது என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கிருந்து நேரே மேலாளரிடம் போய், இத்தோடு விடுகிறேன் என்று சொன்னேன். ஒரு வாரம் ஓய்வெடு, எல்லாருக்கும் வருவதுதான் என்றார். நான் என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் இன்னும் வெயில் அடித்தது. பையைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு வீட்டுக்குக் காரை எடுத்தேன்.