உருளைக்கு முன்னால் ஒரு பாட்டு

ஈரப் போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, விளிம்பைத் துணி தேய்க்கும் சூடான உருளையின் வாயில் வைத்து, ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஒருத்தி அரை நொடி முந்தினாலோ பிந்தினாலோ துணி கோணிக்கொண்டு போகும்; ஒரு பக்கம் மடிப்பு விழும். மடிப்பைக் கண்டதும் கை தானாக அதை இழுத்துச் சரிசெய்யப் போகும். ஆபத்து அங்கேதான். துணி எது, விரல் எது என்று உருளைக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக அந்த உருளைக்கு முன்னால் நிற்பவளை எல்லோரும் தாளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சேர்ந்த முதல் மாதமே எதிரில் நின்றவளின் விரல்கள் போனதை அவள் பார்த்தாள். அன்று இருவரும் வாய்விட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. மத்தியானத்துக்குமேல் எண் வாயில் ஓடிக்கொண்டிருக்கும், மனசு வீட்டுக்குப் போய்விடும். பாட்டு அப்படி விடாது. ஒரு சொல் தவறினாலும் காது மனசைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். மறுநாளிலிருந்து அவள் பாட ஆரம்பித்தாள். குரல் ஒன்றும் தேன் இல்லை. "தகர வாளியத் தரையில இழுக்கற மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரரே சொல்வார். ஆனால் தாளம் மட்டும் இம்மி பிசகாது. நாலாவது அடியில் இரண்டு ஜோடிக் கைகள் ஒன்றாகத் திறக்கும்.

சொற்கள் அன்றன்றைக்குக் கிடைத்தவை.

"மேல்மாடிப் போர்வையெல்லாம் மருந்து வாசம்,
மேஸ்திரி முகத்தில இன்னிக்கு என்ன மோசம்?"

என்று அவள் எடுத்துக் கொடுத்தால், துணி மடிக்கும் மேசையிலிருந்து ஒன்பது பேர் பதில் பாடுவார்கள். லீவு கேட்பதும் பாட்டில்தான். நேரில் கேட்டால் முறைக்கிற மேஸ்திரி, பாட்டில் கேட்டால் சிரித்துவிடுவார். சிரித்தபின் எப்படி மறுப்பது?

எட்டு மாதத்துக்கு முன் தம்பி மனைவிக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தாள் தாளக்கா. கூடத்தில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. முதல் நாள் காலையில் தம்பி வாசல்வரை வந்து, "அக்கா, உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வேறு யாரிடமும் விடாமல் புதுசைத் தனக்கு எதிரிலேயே நிறுத்திக்கொண்டாள்.

பிறகு புது மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன். "நீங்க எல்லாம் சந்தோஷமா வேலை செய்யணும்" என்று நாலு மூலையிலும் ஸ்பீக்கர் மாட்டினார். காலை எட்டு மணிக்குச் சினிமாப் பாட்டு கொட்டியது. மேசைக்காரிகள் கைதட்டினார்கள். புதுசுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணி, இப்பத்தான் இது வேலை செய்யற இடம் மாதிரியே இருக்கு!"

"இவ்வளவு நாளா என்ன மாதிரி இருந்துச்சாம்?"

"உங்க பாட்டு கேட்டுக் கேட்டு, வீட்ல புள்ளையத் தூங்க வைக்கும்போதுகூட மேஸ்திரியத் திட்டிப் பாடிக்கிட்டு இருக்கேன்!"

தாளக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கவனித்தாள். ஒரு பாட்டு நடந்தது, அடுத்தது ஓடியது, அதற்கடுத்தது நடுவில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி பாய்ந்தது. உருளை மட்டும் எப்போதும்போல ஒரே வேகத்தில் சுற்றியது. புதுசின் கைகள் ஸ்பீக்கரோடு போய்விட்டன.

முதல் வாரத்திலேயே ஏழெட்டுப் போர்வைகளில் மடிப்பு விழுந்தது. ஒவ்வொரு முறையும் புதுசின் விரல்கள் உருளையை நோக்கிப் போய்க் கடைசி நொடியில் திரும்பின. முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு நிறுத்துக் கம்பி உண்டு. முட்டியால் தட்டினால் உருளை நிற்கும். ஆனால் பழைய கம்பி, ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். அந்த ஒரு நொடியைத் தாளக்கா பார்த்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் தம்பி வீட்டில் புதுசு குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது, அந்தப் பத்து விரல்களையும் தாளக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதை உணர்ந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மேஸ்திரியிடம் போனாள். "சார், உருளைப் பக்கம் இருக்கற ஸ்பீக்கரை மட்டுமாச்சும் நிறுத்துங்க. கை தப்புது."

"யார் கை?"

"இன்னும் யார் கையும் இல்ல. அதுக்குள்ள சொல்லிடலாம்னு வந்தேன்."

மேஸ்திரி குறும்பாகப் பார்த்தார். "உன் கச்சேரிக்குக் கூட்டம் குறைஞ்சுபோச்சுன்னு நேரா சொல்லேன், தாளக்கா."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். புதுசும் சிரித்தாள்.

அது முள்ளாகத் தைத்தது. உண்மையிலேயே விரலுக்காகத்தான் பயப்படுகிறோமா, தன் பாட்டுக்குப் பதில் பாட ஆளில்லாமல் போனதற்காகவா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டு போனாள். எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. சரி, நாமும் ஸ்பீக்கரோடு போய்விடலாம் என்று ஒரு நாள் முயன்றாள். நாக்கு இணங்கவில்லை. பயம் வந்தாலே வாய் தன் பழைய பாட்டை முணுமுணுத்தது. முணுமுணுக்கும்வரைதான் அவளால் உருளையின் பக்கத்தில் நிற்க முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். வேகமான பாட்டு ஒன்று திடீரென்று நின்று, மூச்சு வாங்கியது. புதுசு அதற்காகக் காத்திருந்தாள். தாளக்காவின் வாயில் நாலாவது அடி வந்தது; கையை விட்டாள். புதுசு விடவில்லை. துணி அவள் பக்கம் சுருண்டு பெரிய மடிப்பு விழுந்தது. "விடு!" என்று தாளக்கா கத்தினாள். அதே நொடியில் ஸ்பீக்கர் மறுபடி பாய்ந்தது. கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. புதுசின் கை மடிப்பைத் தேடிப் போனது.

தாளக்கா முட்டியால் கம்பியை இடித்தாள். அது யோசித்தது.

மேனேஜர் ஓடிவந்து முதலில் பாட்டை நிறுத்தினார். அப்புறம்தான் புதுசு அலறுவது எல்லோருக்கும் கேட்டது.

மாடிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்வதில் அந்த ஒரு வசதி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் வெந்திருந்தன. "எலும்புக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா சொல்றதுக்கில்ல" என்றார் டாக்டர். தம்பி வந்தான். அக்காவைத் தாண்டி நேராகப் புதுசின் கட்டிலுக்குப் போனான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார்கள். 'வேலை நேரத்தில் பாட்டு கூடாது' என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். எல்லோரும் ஸ்பீக்கரைத் திட்டினார்கள். தாளக்கா மட்டும் சேர்ந்து திட்டவில்லை. முதலில் கையை விட்டது அவள். எதிரில் இருப்பவள் வேறு தாளத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தும், தன்னுடையதை விடாமல் வாயில் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

ஐந்தாவது வாரம் புதுசு வேலைக்குத் திரும்பினாள். விரல் நுனிகளில் தோல் ரோஜா நிறத்தில் புதிதாக மின்னியது. "வேற எடத்துல நில்லு, மேசைக்குப் போ" என்று தாளக்கா கெஞ்சிப் பார்த்தாள்.

"இங்கதான் கொஞ்சம் கூடுதல் சம்பளம் அண்ணி. நீங்க பாடுங்க, நான் ஒழுங்கா விடுறேன்."

தாளக்கா சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். மேஸ்திரியும் அதைப் பார்த்தார். "அது ஸ்பீக்கருக்கு எழுதினதுன்னு நான் வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பாடினாள். இரண்டாவது போர்வையிலேயே குரல் நடுங்கியது. நடுங்கிய குரலில் தாளம் நிற்கவில்லை. படியிறங்குகிறவள் கால் தடுக்கி ஓடுவதுபோல முன்னால் ஓடியது. பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

"அண்ணி, ஓடுறீங்க" என்றாள் புதுசு.

தாளக்கா கம்பியைத் தட்டினாள். உருளை நின்றது. கூடமே திரும்பிப் பார்த்தது.

"என்னால ஆகல. நீ பாடு."

"நானா? எனக்கு உங்க மாதிரி மேஸ்திரியத் திட்ட வராது!"

"உனக்கு என்ன வருமோ அதைப் பாடு. உருளையப் பார்த்துப் பாடு. நான் உன் வாயப் பார்த்துக் கைய விடுறேன்."

புதுசு தொண்டையைக் கனைத்தாள். ஏதோ சினிமாப் பாட்டு. அதை உருளையின் வேகத்துக்கு இழுத்து இழுத்துப் பாடினாள். சுதி எங்கேயோ போனது. மேசையில் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதல் போர்வை நேராகப் போனது. இரண்டாவதும் போனது.

தாளக்காவுக்கு இப்போது வாய்க்கு வேலையில்லை. முணுமுணுக்க எதுவுமில்லாமல் பயம் அப்படியே நெஞ்சில் நின்றது. முட்டியைக் கம்பியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பத்து விரல்களையும் பார்த்தபடி, நாலாவது அடிக்காகக் காத்திருந்தாள்.