மாமா கட்டிய மஞ்சள் நூல்

மஞ்சள் மூட்டையைப் பிரித்தால் மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அது வந்தால் இன்றைக்கும் என் கை கழுத்துக்குப் போகும். பந்தல்குடியில் லாரிகள் நிற்கும் ரோட்டோரத்தில் என் தாய்மாமா பலசரக்குக் கடை வைத்திருந்தார். அப்போது எனக்கு ஏழு வயது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எப்போது போனாலும், "என்னடி, மாமனைக் கட்டிக்கிறியா?" என்பார், சரக்கு வாங்க வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். முறை இருக்கிறவர் கேலி பேசாவிட்டால்தான் எங்கள் பக்கம் குறையாக நினைப்பார்கள்.

ஒருநாள் பொட்டலம் கட்டும் நூலை மஞ்சள்பொடியில் புரட்டி என் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு, "இனிமே பள்ளிக்கூடம் கிடையாது, சோறாக்க வந்துரு" என்றார். நான் நம்பிவிட்டேன். அறுத்து எறியவும் பயம். புருஷன் செத்த பக்கத்து வீட்டு அத்தைக்குத் தாலி அறுத்ததை அப்போதுதான் பார்த்திருந்தேன். நான் அறுத்தால் மாமா செத்துப்போவார் என்று நினைத்தேன். மாமா மேல் எனக்கு அவ்வளவு உயிர். நூலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, இன்றைக்காவது பள்ளிக்கூடத்துக்கு விடுவார்களா என்று தினமும் பயந்துகொண்டே கிளம்பினேன்.

நாலாம் நாள் தலைக்கு ஊற்றும்போது அம்மா பார்த்துவிட்டுக் கத்தரியால் வெட்டிப் போட்டாள். மாமா உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க ஈரத்தலையோடு அழுதுகொண்டே கடைக்கு ஓடினேன். அவர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் அழுததைச் சொல்லிச் சொல்லி அம்மாவும் அவரும் வருஷக்கணக்கில் சிரித்தார்கள். "மாமன் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவாக?" என்பாள் அம்மா.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தோம். கடை இப்போது இல்லை, பொட்டல நூலும் எங்கும் கண்ணில் படவில்லை. பெங்களூரில் வளரும் என் ஆறு வயது மகளைப் பார்த்து, நரைத்துப்போன மாமா, "ஒங்கம்மாதான் என்னைய ஏமாத்திட்டா, நீயாச்சும் தாத்தாவைக் கட்டிக்கிறியா?" என்றார். ஆசையாகத்தான் கேட்டார்.

"இப்படிக் கேக்காதீங்க. எனக்குப் பிடிக்கல" என்றாள் மகள், நிமிர்ந்து நின்று.

மாமாவின் முகம் சுண்டிப்போனது. "தப்பா ஒண்ணும் சொல்லலியே, தாயி" என்று என்னைப் பார்த்தார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷர், கெட்டவர் இல்லை. நாங்கள் கிளம்பும்வரை அவர் குழந்தை பக்கமே திரும்பவில்லை.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மகள் கேட்டாள், "அந்தத் தாத்தா அப்படிக் கேட்டப்ப நீ ஏம்மா சிரிச்ச?"

நான் சிரித்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.