எதிரே வரும் சைக்கிள்கள்

"கம்பி இல்ல, டவர் இல்ல, நடுவுல எக்ஸ்சேஞ்சும் இல்ல. செய்தி என்ன, தானா நடந்து போகுமா?"

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நான் தலைப்பைச் சொன்னபோது எங்கள் விரிவுரையாளர் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். பதில் சொல்லாமல் உட்கார்ந்து பழக்கமில்லை.

"கை மாறிப் போகும் சார்" என்றேன்.

ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு ரேடியோ. அது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே எட்டும். அவர் வாங்கி அடுத்தவருக்குத் தருவார். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டும். யார் மூலமாக அனுப்பலாம் என்று ரேடியோக்கள் வழி கேட்கும் கூச்சலிலேயே செய்தி அமுங்கிவிடவும் கூடாது.

"ரிவ்யூல ஓடலைன்னா இதை விட்டுடு. பசங்களோட சேர்ந்து சம்பளக் கணக்கு ப்ரோக்ராம் பண்ணு" என்றார்.

ரேடியோவுக்கு எங்கே போவது? லேப் கம்ப்யூட்டர் திரையில் ஆளுக்கொரு புள்ளி வைத்து நகரவிட்டேன். எப்படி நகர வேண்டும் என்று ஆவடியில் வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கு ஊதும், ஃபேக்டரி கேட் திறக்கும், சாலை முழுக்க சைக்கிள். அதையே எழுதினேன். வழி கேட்டால் முதலில் பதில் சொல்பவர் மூலமாக அனுப்பு என்பதுதான் விதி. செய்திகள் பிசகாமல் போய்ச் சேர்ந்தன.

பின்னால் இருந்த பையன் பக்கத்திலிருந்தவனிடம், "மாமே, சைக்கிள் ஸ்டாண்டுக்கு ப்ரோக்ராம் எழுதிகினு கீது பாரு" என்றான். நான் அடுத்த வரியை அடித்தேன்.

ரிவ்யூவில் விரிவுரையாளர் சற்று நேரம் திரையைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே பக்கமா போகுதே. எதிர்ல யாருமே வரமாட்டாங்களா?"

பாதிப் புள்ளிகளை எதிர்த்திசையில் திருப்பச் சொன்னார். திருப்பினேன். அனுப்பிய செய்திகள் வழியிலேயே செத்தன. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். "திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்று எழுந்துவிட்டார்.

அன்று மாலை நேராக ஃபேக்டரி கேட்டுக்குப் போய் எதிரே இருந்த டீக்கடை ஓரமாக நின்றேன். என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவுக்கு, உள்ளே மூட்டை இறக்கும் வேலை. சின்ன வயதிலிருந்து நூறு முறையாவது அவரைக் கூட்டிப் போக அங்கே நின்றிருப்பேன். வெளியே வரும் முகங்களில் அவர் முகத்தைத் தேடித் தேடியே வளர்ந்தவள். அதே நேரத்தில் அடுத்த ஷிப்ட் உள்ளே போவதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

சங்கு ஊதியது. இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தது. எதிரே வந்தவன் கையைத் தூக்குவதற்குள் கடந்துபோனான். பக்கத்தில் மிதித்தவனோ சாலையின் வளைவு வரை பக்கத்திலேயே வந்தான். என் ப்ரோக்ராம் எதிரே வருகிறவனையும் நம்பிச் செய்தியைக் கொடுத்திருக்கிறது.

"இன்னாமா, இங்க நின்னுகினு கீற? மூஞ்சே சரியில்ல" என்றார் நைனா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து.

"உள்ள போறவங்களைப் பாக்குறேன் நைனா."

"அவங்கள இன்னாத்த பாக்குறது? ஏறி குந்து, ஊட்டுக்குப் போலாம்."

சனிக்கிழமை முழுவதும் லேபில் இருந்தேன். ஒவ்வொரு ரேடியோவும் அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று சுருக்கமாகச் சொல்லும். யார் குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறதோ அவர் மூலமாகத்தான் இனி செய்தி போகும், வழி சுற்றானாலும்.

திங்கட்கிழமை விரிவுரையாளர் முன்னால் நானே புள்ளிகளை எதிரெதிராக விட்டேன். ஒரு செய்தி தொலைந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது சேர்ந்தது. அதற்கடுத்ததும். ஓடி முடித்தபோது தொலைந்தவை சொற்பம். பின்வரிசையில் யாரும் இருமவில்லை.

"சரி, இதையே பண்ணு" என்றார். கதவுவரை போனவர் நின்றார். "ஆமா, பாதிப் பேர் ரேடியோவை அணைச்சிட்டுப் போயிட்டா?"

பக்கத்துக் கம்ப்யூட்டரின் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதில் பாதிப் புள்ளிகள் அணைந்திருந்தன, மீதியின் வழியே செய்திகள் போய்க்கொண்டிருந்தன.

"காலையிலேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு சார்."