கதவைத் திற என்று சொன்னது யார்

எங்கள் ஊரில் கந்தக வாசம் வந்தால் அதை யாரும் நோயின் அறிகுறி என்று நினைக்கமாட்டார்கள். சிவகாசிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது காற்றோடு சேர்ந்தது. அந்த வாசம் சில நேரங்களில் எனக்கு மட்டுமே வந்துகொண்டிருந்தது என்பது தெரிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

முதல் முறை வந்தது ஒரு புதன்கிழமை மாலை, சபையில் நான் நடத்தும் பெண்கள் கூடுகையில். வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கந்தக வாசம். பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வந்தது. என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார். பயம் இல்லை. என்னை முழுவதும் அறிந்த ஒருவர் என்ற நிச்சயம் மட்டும் இருந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. எனக்குக் கண்ணீர் வந்தது. சுற்றியிருந்த பெண்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். ஆனாலும் அன்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

எங்கள் சபையில் பெண்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. ஜெபத் துணை என்போம். வாரம் ஒருமுறை சந்தித்து, வேதம் வாசித்து, வீட்டில் நடப்பதை மறைக்காமல் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும். எனக்குத் துணையாக வந்தவர் செல்வராணி. நாரணாபுரத்தில் பட்டாசு ஆலையில் வெடிகளுக்குத் திரி வைப்பவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். விசுவாசத்துக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. வார்த்தைகளுக்கு அடியில் விரல் வைத்து மெதுவாக வாசிப்பார். நான் கேட்டே பார்க்காததை எல்லாம் கேட்பார்.

"யோபு பொண்டாட்டிக்குப் பேரே இல்லையா டீச்சர்?"

அவருடைய கணவர் ஆறு வருடங்களுக்கு முன் திருப்பூரில் வேறொரு பெண்ணோடு வாழப் போனவர். இப்போது திரும்பி வருகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார்.

"என்ன செய்யட்டும் டீச்சர்? நீங்க ஜெபிச்சுச் சொல்லுங்க," என்றார் செல்வராணி.

கண்ணை மூடினேன். வாசம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. கண் திறந்தபோது செல்வராணி அழுதுகொண்டிருந்தார். "கதவைத் திற" என்று நான் மூன்று தடவை சொன்னதாகச் சொன்னார். எனக்கு ஞாபகமில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. ஞாபகமில்லாமல் வந்ததாலேயே அது என்னுடைய வார்த்தையல்ல என்று நம்பினேன்.

அடுத்த மாதம் அவர் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் வெள்ளிதோறும் உபவாசம் இருக்கத் தொடங்கினேன். தோளுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பிரசன்னம் இன்னும் அடிக்கடி வந்தது. ஒருநாள் வகுப்பில், கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தவள், பாதியில் நின்றுவிட்டேன். இரண்டு நிமிடம் வாயை மென்றபடி நின்றேனாம். பிள்ளைகள் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. தலைமையாசிரியை என் கணவரை வரச் சொன்னார். அவர் அச்சகத்திலிருந்து மை படிந்த கையோடு வந்தார்.

விருதுநகரில் நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். நடுவயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது வர்றதுக்கு முன்னாடி ஏதாவது வாசனை வருமா? கருகின மாதிரி, வெடிமருந்து மாதிரி?" என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவரிடம்கூட அதைச் சொன்னதில்லை.

இ.இ.ஜி. (தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது) எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். காதுக்கு உள்பக்கமாக மூளையில் ஒரு சிறிய தழும்பு இருந்தது. சிறு வயதில் காய்ச்சலோடு வந்த வலிப்பின் மிச்சமாக இருக்கலாம் என்றார் டாக்டர். நோயின் பெயர் குவிய வலிப்பு (மூளையின் ஒரு பகுதியில் மட்டும் மின்னோட்டம் தாறுமாறாவது, பெரும்பாலும் கைகால் வெட்டி இழுக்காது, அதனால் பலருக்கு அது வலிப்பு என்றே தெரியாது).

"அப்ப என் பக்கத்துல நின்னது யாருங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த உணர்வு இந்த இடத்துல இருந்து வருதுன்னு என்னால சொல்ல முடியும்மா. அதுக்கு மேல நான் எதையாவது சொன்னா, அது டாக்டரா சொல்றதா இருக்காது. பட்டினி கிடக்காதீங்க. மாத்திரைய ஒருவேளைகூட விடாதீங்க."

காலை ஒன்று, இரவு ஒன்று. முதல் மாதம் தூக்கமும் எரிச்சலுமாகப் போயிற்று. சாம்பாரில் உப்பு போதாது என்றதற்கு என் கணவரை வாயில் வந்தபடி பேசினேன். மூன்றாவது வாரத்தோடு வாசம் நின்றது. பின்னால் நின்றவரும் வரவில்லை. குணமானதற்கு நன்றி சொல்ல முழங்காலிட்டால், யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அறை வெறும் அறையாக இருந்தது.

கூடுகையில் ஒரு சகோதரி, "மாத்திரைய விட்டுட்டு விசுவாசத்துல நில்லுங்க," என்றார். இன்னொருவர், "அது அப்பவே சாத்தானோட வேலையாத்தான் இருந்திருக்கும்," என்றார். இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்கள். நான் இரண்டு நாள் மாத்திரையை விட்டேன். விசுவாசத்தால் என்று எழுத ஆசைதான். உண்மையில், பின்னால் நின்றவர் திரும்ப வருவாரா என்று பார்க்க விட்டேன். மூன்றாம் நாள் காலையில் சமையலறையில் விழுந்தேன். இந்த முறை உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை. இதை வாசிக்கும் நீங்கள் என் நிலையில் இருந்தால், வேறு எதைச் சந்தேகித்தாலும் சரி, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நாக்கு ஆறியதும் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செல்வராணி வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, "வாங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எனக்கிருப்பது வலிப்பு நோய் என்றும், அன்று சொன்ன வார்த்தை கர்த்தருடையதா, தழும்பிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார் செல்வராணி.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீங்க சொன்னப்போ ஒங்க கை சேலைத் தலைப்பப் பிசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வாய் எதையோ மெல்லுது. எங்க பெரியண்ணனுக்கு இப்படித்தான் வரும். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க கூட்டம் நடத்துறவுக. நான் நேத்து வந்தவ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதும் இல்லாம, எனக்கும் அவரு வரட்டும்னுதான் இருந்துச்சு. நானாச் சேத்துக்கிட்டா எல்லாரும் சிரிப்பாக. கர்த்தர் சொன்னாருன்னா ஒருத்தரும் வாயத் தெறக்க முடியாதுல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அவர் அன்றே சொல்லியிருந்தால் ஒரு வருடம் முன்னதாகவே வைத்தியம் தொடங்கியிருக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். என் பெருமையைப் பார்த்துத்தான் அவர் வாயை மூடிக்கொண்டார் என்பதும் புரிந்தது. கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அவர் தந்த காபியைக் குடித்தேன்.

"இப்ப அவர என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"இருக்கட்டும். லோடு ஏத்தப் போறாரு, ஒழுங்காத்தான் வாராரு. ஆனா இனி அவரு இருக்கது நான் வச்சது. ஒங்க வார்த்த இல்ல."

"அதுல கர்த்தர் இருக்காரா, செல்வராணி?"

"தெரியலையே டீச்சர். கேட்டுப் பாப்போம்."

இருவரும் முழங்காலிட்டோம். எப்போதும் நான்தான் ஆரம்பிப்பேன். அன்று அவர் ஆரம்பித்தார். "ஆண்டவரே, டீச்சருக்கு ஒண்ணும் தெரியல. எனக்கும் தெரியல. நீர் கூட இரும்." அவ்வளவுதான். ஆமென் சொன்னேன்.

இப்போது ஏழு மாதமாக வலிப்பு இல்லை. வாரம்தோறும் சந்திக்கிறோம். 'கர்த்தர் சொன்னார்' என்று ஒருவருக்கொருவர் சொல்வதை நிறுத்திவிட்டோம். ஜெபத்தில் எனக்கு எந்த உணர்வும் வருவதில்லை. வந்தாலும் முதலில் டாக்டரிடம்தான் சொல்வேன்.

என் உடம்பு சொல்வதை முன்புபோல் அப்படியே நம்புவதில்லை. என் காலமும் முழுசாக என்னுடையதாக இல்லை. நான் இல்லாமலே கடந்துபோன நிமிடங்கள் பார்த்தவர்களிடம் இருக்கின்றன. போன வாரம் செல்வராணியிடம் அவற்றைக் கேட்டேன். பதினொரு தடவை பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றாகச் சொன்னார். யாரோ ஒருத்தியின் கதையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவ சிரிச்சீக," என்றார். "நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்ன டீச்சர்னு கேட்டேன். 'வந்துட்டாரு'ன்னு சொன்னீக."

"யாருன்னு சொன்னேனா?"

"இல்ல. அதுக்குள்ள முழிச்சுக்கிட்டீக."